பள்ளி மாணவிகளின் மாதவிடாய்: எது இயல்பு, எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்?

பள்ளிகளில் நடக்கும் விழிப்புணர்வு வகுப்புகள் பெரும்பாலும் நாப்கினோடு ஆரம்பித்து நாப்கினோடு முடிந்துவிடுகின்றன. எப்படி வைப்பது, எப்போது மாற்றுவது, எங்கே போடுவது, சுத்தமாக இருங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். தவறில்லை, அதுவும் தேவை. ஆனால் அந்த வகுப்பு முடிந்து எழுந்து போகிற 14 வயதுப் பெண்ணிடம் "உனக்கு வருவது இயல்பாக வருகிறதா?" என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது, ஏனென்றால் எது இயல்பு என்று யாரும் அவளுக்கு எண்களில் சொல்லவில்லை.

இதனால் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு பெண்ணுக்குப் பத்து நாள் ரத்தம் போகிறது, மணிக்கொரு முறை நாப்கின் நனைகிறது, "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு பெண்ணுக்கு இரண்டு மாதம் வரவில்லை, உடனே ஸ்கேன், ஸ்கேனில் "நீர்க்கட்டி", அப்புறம் "கல்யாணமானால் குழந்தை பிறக்குமா" என்று அவள் காதுபடவே பேச்சு. முதலாமவளுக்குச் சிகிச்சை வேண்டும், கிடைக்கவில்லை. இரண்டாமவளுக்கு ஒருவேளை எதுவுமே தேவைப்படாமல் இருக்கலாம், ஆனால் கையில் மாத்திரைச் சீட்டு இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்துப் பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கும். பருவம் வரும்போது மூன்று, நான்கு லட்சம் மிச்சம். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளியே வருவது 400, 500 மட்டும். இந்த முட்டைகளை மாதாமாதம் எழுப்பிவிடும் வேலை மூளையில் தொடங்குகிறது:

1. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரந்து, பக்கத்திலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை வேலைக்கு இழுக்கிறது.
2. பிட்யூட்டரி அனுப்பும் எஃப்எஸ்எச் ஹார்மோனால் சினைப்பையில் சில நுண்பைகள் வளர்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. இந்தப் பைகள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க, அதனால் கருப்பையின் உட்சவ்வு தடிக்கிறது.
3. ஈஸ்ட்ரோஜன் ஓர் அளவைத் தாண்டியதும் பிட்யூட்டரி எல்எச் ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டுகிறது. பைகளில் ஒன்று வெடித்து முட்டை வெளியே வருகிறது.
4. வெடித்த பை அடுத்த இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து சவ்வைத் தாங்கிப் பிடிக்கிறது. கரு தங்கவில்லை என்றால் அது ஓய்ந்துவிடும், புரோஜெஸ்டிரோன் சரியும், சவ்வு உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். அதுதான் மாதவிடாய்.

பதின்ம வயதில் தடுமாறுவது மூன்றாவது படி. ஈஸ்ட்ரோஜன் ஏறியதைப் பார்த்துச் சரியான நேரத்தில் எல்எச்-ஐக் கொட்ட மூளை பழகிக்கொள்ள ஒன்றிரண்டு வருடமாவது ஆகும். அதுவரை பல மாதங்களில் முட்டை வெளியே வராது. முட்டை வராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை, சவ்வு ஈஸ்ட்ரோஜனை மட்டும் நம்பி வளர்ந்துகொண்டே போய், தாக்குப்பிடிக்க முடியாத ஒரு நாளில் உதிரும். அந்த நாள் 25ஆம் நாளாகவும் இருக்கலாம், 43ஆம் நாளாகவும் இருக்கலாம். ஆரம்ப வருடங்களில் மாதவிடாய் முன்னே பின்னே வருவதற்கு இதுதான் காரணம். அதில் நோய் எதுவும் இல்லை.

பருவம் வருவதற்கும் ஒரு வரிசை உண்டு. 8 முதல் 13 வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கும், அதிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். அதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே கொஞ்சம் வெள்ளைப்படத் தொடங்கியிருக்கும். வயதுக்கு வந்ததும் உயரம் நின்றுவிடும் என்பது பாதி உண்மை: வேகமான வளர்ச்சி அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும், ஆனால் பிறகும் சராசரியாக 5 முதல் 7 செ.மீ. வரை வளர்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஐரோப்பாவில் 16, 17 வயதில்தான் பெண்கள் வயதுக்கு வந்தார்கள். ஊட்டம் கூடக் கூட அது இறங்கி இப்போது உலகின் பல பகுதிகளில் 12, 13இல் நிற்கிறது. ஆகவே பத்து வயது முடிந்த ஒரு சிறுமிக்கு வந்துவிட்டால் "இவ்வளவு சீக்கிரமா" என்று அலற வேண்டியதில்லை.

டாக்டரைப் பார்க்க வேண்டியது இப்படிப்பட்ட நேரங்களில்தான்: 8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்குவது, 13 வயதாகியும் தொடங்காதது, 15 வயதாகியும் மாதவிடாய் வராதது, அல்லது மார்பு வளரத் தொடங்கி மூன்று வருடம் கடந்தும் வராதது. இன்னொன்றும் இருக்கிறது, அரிதானது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ரத்தமே வராமல் மாதம் ஒருமுறை அடிவயிற்றில் மட்டும் கடுமையாக வலித்தால், கன்னித்திரையில் துவாரம் இல்லாமல் ரத்தம் உள்ளேயே தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும்.

நாள் கணக்கை எங்கிருந்து தொடங்குவது

பாதிக் குழப்பம் இங்கேயே வருகிறது. ரத்தம் தொடங்கிய முதல் நாளை 1 என்று வைத்து, அடுத்த முறை ரத்தம் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள் வரை எண்ண வேண்டும். பலர் ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மாதத்தின் 2ஆம் தேதி வந்து மறுபடி 30ஆம் தேதி வந்துவிட்டால் "மாசத்துல ரெண்டு தடவை வருது" என்று அம்மா பதறுவார். எண்ணிப் பாருங்கள், அது அச்சு அசல் 28 நாள் சுழற்சி.

2015இல் அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர் அமைப்பு ஒரு பரிந்துரை வெளியிட்டது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் இவற்றை ஒவ்வொரு முறையும் பார்ப்பதுபோல, பதின்ம வயதுப் பெண்களிடம் மாதவிடாய்ச் சுழற்சியையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள் என்றது. அதிலும், பிசிஓஎஸ் (பேச்சு வழக்கில் "நீர்க்கட்டி" என்கிற ஹார்மோன் கோளாறு) பற்றிய சர்வதேச வழிகாட்டியிலும் உள்ள எண்களைச் சேர்த்துச் சொன்னால்:

1. வயதுக்கு வந்த முதல் ஒரு வருடம்: ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு.
2. ஒன்று முதல் மூன்று வருடம் வரை: 21 நாளுக்குக் குறையாமல் 45 நாளுக்கு மிகாமல் வந்தால் சரி.
3. மூன்று வருடத்துக்குப் பிறகு: 21 முதல் 35 நாள்.
4. முதல் வருடம் கடந்தபின் ஒருமுறையாவது 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் காரணம் தேட வேண்டும்.

தொண்ணூறு நாள் வராததற்குக் காரணங்கள் பல. தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவது, பிசிஓஎஸ், கர்ப்பம் எல்லாம் பட்டியலில் உண்டு. பலரும் யோசிக்காத ஒன்று, உடலுக்கு வேண்டிய சக்தி கிடைக்காமல் போவது. கடுமையாக ஓட்டப் பயிற்சியோ நடனமோ செய்துகொண்டு, கூடவே எடை குறைக்கச் சாப்பாட்டையும் குறைக்கிற பெண்ணுக்கு மூளை முதல் படியையே நிறுத்திவிடுகிறது. "நல்லதுதான், போட்டி நேரத்தில் தொல்லை இல்லை" என்று அவளும் பயிற்சியாளரும் நினைத்துக்கொள்வார்கள், ஆனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு அடர்த்தி சேராது, எலும்பு வலுவில் பெரும்பகுதி சேர்வது இந்த வயதில்தான், இப்போது விட்டதைப் பிறகு முழுவதும் ஈடுகட்ட முடியாது. இங்கே மாதவிடாயை வரவைக்கும் மாத்திரை சிகிச்சை ஆகாது. சாப்பாட்டையும் பயிற்சியையும் சரிக்கட்டுவதே சிகிச்சை.

கர்ப்பப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. மாதவிடாய் தள்ளிப்போன எந்தப் பெண்ணுக்கும் அதைச் செய்வது மருத்துவ வழக்கம். யார் மீதும் சந்தேகம் என்று அர்த்தமில்லை. இதை வீட்டார் அவமானமாக எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போவதால் வேறு காரணங்களைத் தேடுவதும் தள்ளிப்போகிறது.

ஸ்கேனில் "நீர்க்கட்டி": எவ்வளவு பயப்பட வேண்டும்?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இன்று பதின்ம வயதுப் பெண்கள் வீட்டில் அதிகம் அடிபடும் சொல் பிசிஓஎஸ்தான்.

1935இல் ஸ்டைன், லெவன்தால் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஏழு பெண்களின் நிலையை விவரித்தார்கள்: மாதவிடாய் வராமை, முகத்தில் முடி, பெருத்த சினைப்பைகள். அதிலிருந்து வளர்ந்ததே இந்த நோய்க்குறிப்பு. 2003இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் மூன்று அடையாளங்களை வைத்து, அவற்றில் ஏதாவது இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் என்றார்கள்:

1. மாதவிடாய் ஒழுங்கின்மை.
2. ஆண் ஹார்மோன் கூடியதன் அறிகுறி: முகத்தில் தடித்த முடி, விடாத பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் தெரிவது.
3. ஸ்கேனில் சினைப்பையில் நிறைய சிறு பைகள்.

இது வளர்ந்த பெண்களுக்கான விதி. இதையே அப்படியே 14 வயதுப் பெண்ணிடம் பொருத்தினால் என்ன ஆகும்? முதல் அடையாளம் அந்த வயதில் இயல்பு என்று மேலே பார்த்தோம். மூன்றாவதும் இயல்புதான்: இளம் வயதில் சினைப்பையில் முட்டைகள் ஏராளம், மாதாமாதம் நிறைய நுண்பைகள் எழும், ஸ்கேன் எடுத்தால் சரம் கோத்ததுபோலத் தெரியும். அவை முட்டையைச் சுமந்திருக்கும் சாதாரண நுண்பைகள், ஆபத்தான கட்டிகள் கிடையாது. ஆக, இயல்பான இரண்டு விஷயங்களைக் கூட்டி ஒரு நோய் என்று எழுதிக் கொடுத்துவிட முடியும், எழுதியும் கொடுக்கிறார்கள்.

இதனால்தான் 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டியும் 2023இல் அதைப் புதுப்பித்தவர்களும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆவதற்குள் பிசிஓஎஸ் கண்டுபிடிக்க ஸ்கேனைப் பயன்படுத்தாதீர்கள். ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையும் இந்த வயதில் அதற்கு உதவாது. பதின்ம வயதில் பிசிஓஎஸ் என்று சொல்ல வேண்டுமானால், மேலே சொன்ன நாள் கணக்கைத் தாண்டிய ஒழுங்கின்மையும் இருக்க வேண்டும், ஆண் ஹார்மோன் கூடியதற்கான அறிகுறியும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து. ஒன்றுதான் இருக்கிறது என்றால் "வாய்ப்பு இருக்கிறது, கவனிப்போம்" என்று சொல்லி அவ்வப்போது பார்த்து வந்தால் போதும்.

அதற்காகப் பிசிஓஎஸ் என்பதே பொய் என்று கிளம்பிவிடவும் கூடாது. வளர்ந்த பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வருடக்கணக்கில் மாதவிடாய் வராமல் விட்டால் கருப்பைச் சவ்வுக்கும் கெடுதல். ஆனால் குழந்தை பிறக்காது என்பது தவறு. முட்டை வெளிவருவது தாமதமாகிறது, அதற்கு மருந்துகள் இருக்கின்றன, பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். பதினைந்து வயதுப் பெண்ணை உட்காரவைத்து அவளுடைய தாய்மையைப் பற்றிப் பயமுறுத்த எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

ஒழுங்குபடுத்த ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் 28 நாளுக்கொரு முறை டாண் என்று வரும். மாத்திரையை நிறுத்தியதும் பழைய கதை. மாத்திரை நோயைக் குணப்படுத்துவதில்லை, சவ்வைப் பாதுகாத்து அறிகுறிகளைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. இதைச் சொல்லிக் கொடுத்தால் "மருந்து வேலை செய்யவில்லை" என்று மாதம் ஒரு டாக்டரை மாற்ற வேண்டியிருக்காது.

எவ்வளவு ரத்தம் போனால் அதிகம்

ஒரு மாதவிடாயில் சராசரியாக 30, 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை, ஆகவே கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளங்கள்:

1. ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது.
2. ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாப்கின் முழுதாக நனைந்து, அதுவே தொடர்ந்து சில மணி நேரம் நடப்பது.
3. இரண்டரை செ.மீ.க்கும் பெரிய ரத்தக் கட்டிகள்.
4. இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைப்பது, சீருடையில் கறை படும் என்று பள்ளிக்கே போகாமல் இருப்பது.

வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே இப்படி என்றால் ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிக ரத்தப்போக்குக்காக டாக்டரிடம் வரும் பதின்ம வயதுப் பெண்களில் ஐந்தில் ஒருவர் வரை இந்தக் கோளாறு காணப்படுகிறது. அதில் முக்கியமானது வான் வில்லிபிராண்ட் நோய். 1926இல் எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற பின்லாந்து மருத்துவர், ஆலந்து தீவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து இதை எழுதினார். அவரிடம் முதலில் வந்தது ஐந்து வயதுச் சிறுமி. அந்தக் குழந்தை பின்னால் வயதுக்கு வந்து தன் நான்காவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமலேயே இறந்துபோனாள். இன்று அதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் யாராவது சந்தேகப்பட்டால்தான் பரிசோதனை நடக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காத மூக்கு ரத்தம், பல் பிடுங்கியபோது நிற்காமல் போன ரத்தம், காரணமில்லாமல் கன்றிப்போகும் தோல், அம்மாவுக்கோ சித்திக்கோ இதே கதை, இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் பாட்டிக்கும் இருந்ததால்தான் பல வீடுகளில் இது "நம்ம குடும்ப வாகு" என்று ஆகிவிடுகிறது.

ரத்தம் போனால் கூடவே இரும்புச்சத்தும் போகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மி.கி. இரும்பு. 80 மில்லி போனால் 40 மி.கி. உடல் ஒரு நாளைக்கு உணவிலிருந்து உறிஞ்சுவது 1 முதல் 2 மி.கி. தான், அதில் தினசரி இழப்பே 1 மி.கி.க்கு அருகில் வந்துவிடும், மிச்சத்தில் வளர்ச்சிக்கும் வேண்டும். கணக்கு இடிப்பது புரிகிறதா? ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு, ஆனால் உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பு தீர்ந்தபிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். 12.2 என்று ரிப்போர்ட் வந்து "நார்மல்" என்று அனுப்பப்பட்ட பெண்ணுக்குச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. 1996இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த ஓர் ஆய்வில், ரத்தசோகை இல்லாமல் இரும்புச்சத்து மட்டும் குறைந்திருந்த பள்ளி மாணவிகளுக்கு இரும்பு மாத்திரை கொடுத்தபோது, வார்த்தைகளைக் கற்று நினைவில் வைக்கும் திறன் கூடியது. "படிப்பில் கவனமே இல்லை" என்ற புகாருக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்க முடியும்.

வலி

முதல் சில மாதம் வலியே இல்லாமல் வந்து, ஒரு வருடம் கழித்து வலி தொடங்கினால் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் முட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கியதன் அடையாளமாகவே அது பெரும்பாலும் இருக்கும். புரோஜெஸ்டிரோன் சரியும்போது சவ்வில் புரோஸ்டாகிளான்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து கருப்பைத் தசையை இறுக்குகிறது. அதே பொருள் குடலையும் தூண்டுவதால்தான் சிலருக்கு வாந்தி, பேதி.

இபுபுரூஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் இந்தப் பொருள் உருவாவதையே தடுப்பவை. வலி உச்சத்துக்குப் போனபிறகு எடுப்பதைவிட, தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் நன்றாக வேலை செய்யும். ரத்த உறைவுக் கோளாறு, ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் உண்மையிலேயே பலன் தரும். மாத்திரை போட்டால் கருப்பை கெட்டுவிடும், பின்னாளில் குழந்தை பிறக்காது என்பதற்கு ஆதாரம் கிடையாது. இப்படிச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைச் சுருண்டு படுக்கவைக்கிறோம்.

மூன்று முதல் ஆறு மாதம் சரியாக மருந்து எடுத்தும் வலி அடங்காமல் பள்ளி நாட்கள் வீணானால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருப்பைச் சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது அது. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு இருக்கிறது, பத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகவும் கூடும், ஆகவே "ஸ்கேன் நார்மல், வலி உன் மனப்பிரமை" என்று முடித்துவிடக் கூடாது.

பரீட்சைக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுகிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து எப்போதாவது எடுப்பது பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானதே, ஆனால் பரவலாக விற்கும் நோரெத்திஸ்டிரோன் உடலில் ஓரளவு ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால், தனக்கோ நெருங்கிய குடும்பத்திலோ ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. கண்முன் மின்னல்போல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வெள்ளைப்படுதல், சுத்தம்

நிறமில்லாமலோ வெள்ளையாகவோ, அரிப்பும் நாற்றமும் இல்லாமல் வருவது இயல்பு. மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல நீளும். வெள்ளைப்பட்டால் எலும்பு உருகுகிறது, உடம்பு இளைக்கிறது என்பதெல்லாம் கட்டுக்கதை. தயிர்த் திப்பி போல வந்து அரித்தால் பூஞ்சைத் தொற்று, மீன் வாடையோடு சாம்பல் நிறமாக வந்தால் பாக்டீரியா சமநிலை மாறியிருக்கலாம், மஞ்சளோ பச்சையோ கலந்திருந்தாலும் காட்ட வேண்டும்.

உள்ளே சோப்பு, வாசனைத் திரவம், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். அங்கிருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா அமிலத்தன்மையைக் காத்துத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. கழுவிக் கழுவி அதை அழித்தால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. வெளிப்புறத்தைத் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும். நாப்கின், துணி, கப் (உள்ளே வைத்து ரத்தத்தைச் சேகரிக்கும் சிறு கிண்ணம்) எதைப் பயன்படுத்துவது என்பது அவரவர் வசதி. துணி என்றால் துவைத்து வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். டாம்பான் (உள்ளே செருகும் பஞ்சுச் சுருள்) எட்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. 1980இல் அமெரிக்காவில் மிகையாக உறிஞ்சும் டாம்பான்களால் டாக்சிக் ஷாக் என்ற கடும் நோய் பரவி உயிர்கள் போயின.

கப்பும் டாம்பானும் கன்னித்தன்மையைக் கெடுக்கும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. கன்னித்திரை பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும், அதைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, எல்லா இடத்திலும் நிறுத்துங்கள் என்று 2018 அக்டோபரில் ஐ.நா.வின் மனித உரிமை அலுவலகம், ஐ.நா. பெண்கள் அமைப்பு, உலக சுகாதார அமைப்பு மூன்றும் சேர்ந்தே அறிவித்தன.

கர்ப்பம் பற்றிப் பேசினால் கெட்டுப்போவார்களா

பேசினால் கெட்டுப்போவார்கள் என்பதற்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, பாலியல் கல்வி உடலுறவைத் தூண்டவோ சீக்கிரமாக்கவோ இல்லை என்கிறது. பேசாமல் விடுவதன் விலையோ பெரியது: 15 முதல் 19 வயதுப் பெண்களின் மரணத்துக்கு உலக அளவில் முன்னணிக் காரணங்களில் கர்ப்பகால, பிரசவகாலச் சிக்கல்களும் இருக்கின்றன.

தெரிந்திருக்க வேண்டியவை:

1. அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாளுக்கு முன் முட்டை வெளிவருகிறது. அடுத்தது எப்போது என்றே தெரியாத வயதில் "பாதுகாப்பான நாள்" கணக்கு செல்லாது.
2. முட்டையின் ஆயுள் ஒரு நாள்தான், ஆனால் விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும்.
3. முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெளிவர முடியும், ஆகவே இன்னும் வயதுக்கு வராத சிறுமிக்கும் கர்ப்பம் தங்க வாய்ப்புண்டு.
4. பாலியல் வன்முறை நடந்துவிட்டால் நேரம் முக்கியம். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை ஐந்து நாள் வரை பலன் தரும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யார் செய்தது, ஏன் போனாய் என்ற விசாரணை எல்லாம் மருத்துவமனைக்குப் போனபிறகு.

நான்காவதை எத்தனை வகுப்புகளில் சொல்கிறார்கள்? தெரிந்தவரால்தான் பெரும்பாலும் நடக்கிறது என்பதால் சிறுமி யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நாட்களைக் கடத்திவிடுகிறாள். வீட்டுக்கு வெளியே நம்பிச் சொல்ல ஓர் ஆசிரியையாவது இருக்க வேண்டும்.

எச்பிவி தடுப்பூசி: வதந்தியும் விளைவும்

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் எச்பிவி என்ற வைரஸால் வருவது. இதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது. 2022இல் மட்டும் உலகில் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு இந்தப் புற்றுநோய் வந்தது, மூன்றரை லட்சம் பேர் இறந்தார்கள். பள்ளி வயதிலேயே ஊசி போடச் சொல்வதற்குக் காரணம், வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன். வந்துவிட்ட வைரஸை அது விரட்டாது. 9 முதல் 20 வயது வரை ஒரே டோஸ் போட்டாலும் போதும் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு அனுமதித்துவிட்டது.

ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் மேலுறையின் புரதம் மட்டுமே இருக்கிறது. கருத்தரிப்பதைப் பாதிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வதந்தி என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். 2013இல் வலி, மயக்கம் என்று சில சிறுமிகள் பற்றிய செய்திகள் தொடர்ந்து ஒளிபரப்பாக, அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. சுமார் 70 சதவீதம் பேர் போட்டுக்கொண்டிருந்த ஊசி ஒரு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. ஊசிதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை, 2022 ஏப்ரலில் பரிந்துரை திரும்பி வந்தது. இடையில் போன ஒன்பது வருடத்துச் சிறுமிகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்தில், 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசி எல்லா வகை எச்பிவியையும் தடுக்காது, அதனால் பிற்காலத்தில் ஸ்கிரீனிங் பரிசோதனை அவர்களுக்கும் உண்டு.

பள்ளியும் டாக்டர் அறையும்

யுனிசெஃபும் உலக சுகாதார அமைப்பும் 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 39 சதவீதப் பள்ளிகளில்தான் மாதவிடாய் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்; மாணவியர் கழிப்பறையில் நாப்கின் போடக் குப்பைத்தொட்டி இருப்பது 31 சதவீதத்தில். தொட்டியும் தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாவிட்டால், காலையில் வைத்த நாப்கினோடு மாலை வரை இருப்பாள், கழிப்பறைக்குப் போகாமலிருக்கத் தண்ணீரே குடிக்க மாட்டாள், அப்புறம் சிறுநீர்த் தொற்று. இந்த நிலையில் எத்தனை வகுப்பு எடுத்தும் பயனில்லை. வகுப்பு எடுப்பதானால் படம் வரைந்து பாகம் குறிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, 45 நாள், 90 நாள், 7 நாள் என்ற எண்களையும், தேதி குறித்து வைக்கும் பழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தால் அது உதவும். பையன்களையும் உட்காரவைத்தே சொல்லலாம், கேலி செய்வது பாதி குறையும்.

டாக்டரிடம் போகும்போது கடைசி ஐந்தாறு மாதத் தேதிகள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் இவற்றை எழுதி எடுத்துப் போனால் போதும். உள்ளே கைவிட்டுப் பரிசோதிப்பார்களோ என்று பயந்தே பல பெண்கள் வர மறுக்கிறார்கள். மேலே சொன்ன பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை. ஸ்கேன் வேண்டியிருந்தால் சிறுநீரை அடக்கிக்கொண்டு வயிற்றின் மேலாகவே எடுப்பார்கள், எந்தப் பரிசோதனையானாலும் அவள் சம்மதத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் அவளோடு தனியாகப் பேசுகிறேன் என்று டாக்டர் சொன்னால் அதுவும் நல்ல மருத்துவ முறைதான், அம்மா அந்தப் பத்து நிமிடம் வெளியே உட்காரலாம்.